எந்தக் கப்பலில் வந்தீர்கள்?

பாட்டியின் கட்டிலுக்கடியில் அந்தத் தகரப் பெட்டி கிடந்தது. பச்சைச் சாயம் பாதி உரிந்து, மூலைகளில் துரு ஏறியிருந்தது. மூடியில் அவருடைய அப்பாவின் பெயர், அதற்குக் கீழே ஆங்கில எழுத்தில் போர்ட் சுவெட்டன்ஹாம். எழுதியவருக்கு இடம் போதவில்லை போலிருக்கிறது, கடைசி எழுத்துகள் நெருக்கியடித்து நின்றன. பூட்டு இருந்த இடத்தில் சணல் கயிறு முடிந்திருந்தது.

“தூக்கிப் பாரு தம்பி,” என்றார். தூக்கினேன். காலிப் பெட்டியே கனத்தது.

“நெறைய சாமானோட அத தலையில வச்சுக்கிட்டு எங்கப்பா ஏணியில ஏறுனாரு. கீழ படகு ஆடுது, மேல கப்பலு மல மாதிரி நிக்குது. நான் அவரு வேட்டிய இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன். அப்ப எனக்கு எட்டு வயசு.”

அது 1950. ஏறிய இடம் நாகப்பட்டினம். கப்பலின் பெயர் ரஜுலா.

பாட்டி இருப்பது பாயா ரும்புட்டில், மகன் வாங்கிய தாமான் வீட்டில். மலாயில் பாயா என்றால் சதுப்பு நிலம், ரும்புட் என்றால் புல். மலாக்கா நகரத்துக்கு வடமேற்கே சாலையில் போனால் செங் வரும், அதையடுத்து இந்த ஊர். புல் வளர்ந்த சதுப்பை இப்போது தேடித்தான் பார்க்க வேண்டும். தொழிற்சாலை, கிடங்கு, வரிசை வீடு, கடைத்தொகுதி என்று நெருங்கிவிட்டது. ஆனாலும் இங்கே ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது. பக்கத்து செங்கில் சன்னாசிமலை ஆண்டவர் கோயில் இருக்கிறது, மாசி மகத்துக்கு மலாக்காத் தமிழர்கள் அங்கேதான் திரளுகிறார்கள். சுற்றுவட்டாரத் தோட்டங்கள் துண்டுபோட்டு விற்கப்பட்ட காலத்தில் லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல இந்தத் தாமான்களில்தான் வந்து தங்கின. என் குடும்பமும் அப்படித்தான்.

பாட்டிக்குத் தன் கப்பலின் பெயர் தெரியும். என் தாத்தா 1920களில் ஒரு கங்காணியோடு வந்தவர். அவர் ஏறிய கப்பல் எது, எந்த மாதம் ஏறினார் என்று என் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அவர் உயிரோடு இருந்தபோது கேட்கவில்லை. அந்தக் குறை என்னை அரித்துக்கொண்டே இருந்தது. அதனால்தான் அவர் வந்த வழியைப் பின்னோக்கிப் போய்ப் பார்ப்பது என்று கிளம்பினேன். மலாக்காவின் தோட்டத்திலிருந்து தொடங்கி ரயிலடி, துறைமுகம், கடைசியில் நாகப்பட்டினத்துக் கடற்கரை.

முதலில் அசகான். ஜாசின் வழியாகக் காரில் போனேன். சாலையின் இரண்டு பக்கமும் செம்பனை. தூரத்தில் லேடாங் மலை நீலமாகத் தெரிந்துகொண்டே வந்தது. அந்த மலைக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் ஓபிர். பைபிளில் சாலமோன் அரசனுக்குத் தங்கம் வந்த ஊரின் பெயர் அது. பழைய கிரேக்க நூல்களும் இந்தத் தீபகற்பத்தைப் பொன் தீபகற்பம் என்றே சொல்லின. தங்கம் கிடைக்கும் என்ற நினைப்பிலேயே ஒரு மலைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் இந்த மலையடிவாரத்திலிருந்து கப்பல் கப்பலாகப் போன செல்வம் மண்ணைத் தோண்டி எடுத்ததல்ல, மரத்தைச் சீவி எடுத்தது.

மலாக்காக்காரரான டான் சே யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் தலைவர் ரிட்லி கண்ட தோட்டக்காரரிடமெல்லாம் ரப்பர் விதையை நீட்டிக்கொண்டிருந்த காலம் அது. பெரும்பாலோர் காப்பியை விட மனமில்லாமல் மறுத்தார்கள், டான் கேட்டுக்கொண்டார். மலாயாவில் வணிகத்துக்காக நட்ட முதல் ரப்பர் தோட்டம் அதுதான். அடுத்து அவர் இங்கே அசகானில் ஆயிரக்கணக்கான ஏக்கரைத் திருத்தினார். சில ஆண்டுகளில் லண்டன் கம்பெனி ஒன்று அதை வாங்கிக்கொண்டது. மோட்டார் வண்டி பெருகப் பெருக டயருக்கு ரப்பர் வேண்டியிருந்தது. 1910 ஏப்ரலில் லண்டன் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. தங்கம் கண்ட ஊருக்கு ஓடுவதைப்போல லண்டனில் பங்குகளுக்கு ஓடினார்கள். பங்கு விற்ற கம்பெனிகளுக்கு உடனே வேண்டியிருந்தது ஆள். பால் வெட்ட, காடு அழிக்க, நிரை போட ஆள். அந்த ஆள்தான் கப்பலில் வந்தது.

பாட்டியும் நாற்பது ஆண்டு பால் வெட்டியவர். அவருடைய வலது கையைப் பார்த்திருக்கிறேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல் இன்னும் காய்த்துக் கிடக்கிறது. விடிவதற்கு முன்பே பெரட்டுக்குப் போய், குளிர் இருக்கும்போதே வெட்டத் தொடங்க வேண்டும், வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். பட்டையைத் தடவினாற்போலச் சீவ வேண்டும், ஆழமாகப் போனால் மரம் புண்ணாகும். பிறகு மங்கிலிருந்து பாலை வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் மாட்டித் தோளில் சுமந்து ஸ்டோருக்கு. 1920களின் இறுதியில் முக்கியமான தோட்டப் பகுதிகளில் அரசு விதித்த நாள் சம்பளம் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. வாளியின் கனம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

அசகானிலிருந்து திரும்பிப் பூலாவ் செபாங் போனேன். தம்பின் ரயில் நிலையம் என்று எல்லாரும் சொல்வது மலாக்கா மாநில எல்லைக்குள் இருக்கும் இந்த நிலையத்தைத்தான். ஒரு காலத்தில் இங்கிருந்து மலாக்கா நகரம் வரை 30 கிலோமீட்டருக்கு மேல் ஒரு கிளைப் பாதை ஓடியது. 1905இல் திறந்தார்கள். போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கியவர்களை மலாக்காத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்து சேர்த்த வழிகளில் இதுவும் ஒன்று. ஜப்பான்காரர் வந்ததும் தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாம் மரண ரயிலுக்குக் கொண்டுபோனார்கள். தண்டவாளத்தோடு ஆளையும் கொண்டுபோனார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்களில் பல்லாயிரம் பேர் அந்தக் காட்டிலேயே மடிந்தார்கள். போருக்குப் பிறகும் மலாக்கா நகரத்துக்கு ரயில் திரும்பவில்லை. இன்றும் இல்லை.

பூலாவ் செபாங்கில் கொம்யூட்டர் ரயில் ஏறினேன். படிப்பதற்கு எடுத்துப்போனது கலிபோர்னியாவின் தங்க வேட்டைக் காலத்துக் கப்பல்களைப் பற்றிய புத்தகம். தாத்தாவின் வழியில் போகிறவனுக்கு அமெரிக்கக் கரையில் என்ன வேலை என்று கேட்கலாம். தங்கம் என்ற சொல்லைக் கேட்டு ஒரு கூட்டம் நீராவிக் கப்பலில் நெருக்கியடித்து ஏறியது அங்கேயும்தான் நடந்தது. அதை வைத்துப் பார்த்தபோதுதான் எங்கள் கப்பல் எனக்குச் சரியாகப் புலப்பட்டது.

1848 ஜனவரியில் கலிபோர்னியாவின் கொலோமா என்ற இடத்தில், மரம் அறுக்கும் ஆலைக்கு வெட்டிய கால்வாயில் மார்ஷல் என்பவர் தங்கத் துகளைக் கண்டார். அதே ஆண்டு அக்டோபர் 6ஆம் தேதி, பசிபிக் மெயில் கம்பெனியின் கலிபோர்னியா என்ற புதுக் கப்பல் நியூயார்க்கை விட்டுக் கிளம்பியது. தங்கச் செய்தி அந்த ஊரில் இன்னும் பற்றிக்கொள்ளாததால் பயணிகள் சொற்பம். தென் அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டு பனாமாவுக்கு வருவதற்குள் செய்தி கப்பலை முந்திவிட்டது. பனாமா நிலத்தைப் படகிலும் கோவேறு கழுதையிலும் கடந்து வந்த நூற்றுக்கணக்கானவர்கள் கரையில் காத்துக் கிடந்தார்கள். சுமார் 200 பேருக்கென்று கட்டிய கப்பலில் 350க்கு மேல் ஏற்றிக்கொண்டு, 1849 பிப்ரவரி 28 அன்று அது சான் பிரான்சிஸ்கோவை அடைந்தது. அடைந்ததும் மாலுமிகளே தங்கம் தோண்ட ஓடிவிட்டார்கள். திருப்பி ஓட்ட ஆளில்லாமல் கப்பல் துறைமுகத்தில் நின்றது.

அதைப் படித்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். அந்தக் கப்பலில் போனவன் தோண்டினால் கிடைப்பது அவனுக்கு. பிடிக்காவிட்டால் அடுத்த ஓடைக்குப் போவான். மாலுமிகூட வேலையை விட்டு ஓட முடிந்தது. என் தாத்தாவுக்கு இறங்குவதற்கு முன்பே தோட்டம் முடிவாகியிருந்தது. கங்காணி அவரைத் தன் ஊரிலேயே பேசிக் கூட்டிவந்தார். அவர் வேலைக்குப் போகிற ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. கப்பல் கட்டணத்தை 1907இல் தோட்ட முதலாளிகளிடம் வரி வாங்கி அமைத்த இந்தியக் குடியேற்ற நிதி கொடுத்தது. இலவசப் பயணம் என்றுதான் ஊரில் சொன்னார்கள். வருகிறவர் தலை ஒன்றுக்கு இன்னொருவர் கணக்குப் போட்டு வைத்திருந்த பயணத்தை இலவசம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கோலாலம்பூரில் ரயில் மாறி, கடைசி நிலையத்தில் இறங்கினால் கிள்ளான் துறைமுகம். 1901இல் திறந்த போர்ட் சுவெட்டன்ஹாமுக்கு 1972இல்தான் இந்தப் பெயர் வந்தது. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் பூலாவ் கெத்தாமுக்குப் போகும் படகுத் துறை. நண்டு வாங்கப் போகிற கூட்டம், மீன் வாடை, தே தாரிக் கடை. தூரத்தில் கொள்கலன்களைத் தூக்கும் ராட்சத இயந்திரங்கள். தாத்தா காலத்தில் இந்தத் துறைமுகத்தை அடைந்தவர்கள் நேரே தோட்டத்துக்குப் போகவில்லை. முதலில் கொரண்டைன் முகாம். துணிமணியை ஆவியில் வேகவைத்து, மருந்துத் தண்ணீரில் குளிக்கவைத்து, அம்மைத் தழும்பு பார்த்து, நாள் கணக்கில் அடைத்து வைத்துத்தான் வெளியே விட்டார்கள். பினாங்கில் இறங்கியவர்களுக்குப் பூலாவ் ஜெரஜாக் தீவு. நோய் பரவாமல் காக்க அது வேண்டியதுதான். ஆனால் ஒரு வாரம் கடலில் கிடந்து வந்தவர்களுக்குப் புது நாட்டின் முதல் முகம் அந்த முள்வேலிதான்.

படகுத் துறையின் விளிம்பில் உட்கார்ந்து, பாட்டி சொன்னதையெல்லாம் நோட்டில் மறுபடி படித்தேன்.

ரஜுலா 1926இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பார்க்ளே கர்ல் நிறுவனம் கட்டிய கப்பல். பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனிக்குச் சொந்தம். 8,000 டன்னுக்கு மேல். அறைகளில் போகிறவர்கள் சில பத்துப் பேர், மேல்தட்டில் போக அனுமதி பெற்றவர்கள் 5,000க்கும் மேல். சென்னையில் கிளம்பி, நாகப்பட்டினத்தில் நின்று ஆளேற்றி, வங்கக் கடலைக் கடந்து பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், கடைசியில் சிங்கப்பூர். இதே வழியில் ஓடிய அதன் தங்கைக் கப்பல் ரோனாவைப் போரில் படையினரை ஏற்ற எடுத்துக்கொண்டார்கள். 1943 நவம்பர் 26 அன்று மத்தியதரைக் கடலில் ஜெர்மானியரின் குண்டு பட்டு அது மூழ்கியது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். ரஜுலா போரைத் தாண்டி 1973 வரை ஓடியது. ஒரே வழியில் அத்தனை ஆண்டு ஓடியதால்தான் மலேசியத் தமிழர் வீடுகளில் அது ஒரு சொந்தக்காரரின் பெயரைப் போலப் புழங்குகிறது.

“பாய விரிச்சுட்டா அதான் தம்பி வீடு,” என்று பாட்டி சொல்லியிருந்தார். பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, பிரம்புக் கூடையைக் கால்மாட்டில் வைத்து, இரண்டுக்கும் நடுவே விரித்த பாய்தான் ஐந்து பேருக்கு இடம். மேலே வெயிலுக்குக் கட்டிய கித்தான். பக்கத்தில் வெங்காய மூட்டைகள். எஞ்சின் அதிர்வு முதுகில் ஏறிக்கொண்டே இருக்கும், கப்பலை விட்டு இறங்கிய பிறகும் இரண்டு நாள் தரை அதிர்ந்ததாம். முதல் இரண்டு நாள் அம்மா தலை தூக்கவில்லை. எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி படுத்துக் கிடந்தார். பண்டாரி பெரிய அண்டாவில் சோறு கொண்டுவந்து நிறுத்துவார், அவரவர் தட்டோடு வரிசையில் போக வேண்டும். ஊரில் ஒரு கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாதவர்களும் அதே வரிசையில்தான் நின்றார்கள். “கப்பல்ல எல்லாருக்கும் ஒரே தட்டுதான்,” என்றார் பாட்டி. எந்தத் தட்டைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை, இரண்டுமே உண்மை. தோட்டத்துக்கு வந்ததும் சாதிக்கொரு லயம் என்று மறுபடி பிரித்துவிட்டார்கள் என்பதையும் அவரேதான் சொன்னார்.

நான்காம் நாள் ஒரு பெரியவர் இறந்துபோனார். கலாசிகள் கித்தானில் வைத்துத் தைத்து, பலகையில் கிடத்தினார்கள். சாரங்கு கையசைத்ததும் எஞ்சின் சத்தம் குறைந்தது. பலகையைச் சாய்த்தார்கள். அவருடைய மனைவி அழவில்லை, பெட்டிமேல் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். “அந்தம்மா அப்புறம் எந்தத் தோட்டத்துக்குப் போச்சோ,” என்று பாட்டி இரண்டு தடவை சொன்னார். எழுபத்தைந்து ஆண்டுகளாக அந்த முகம் அவரை விட்டுப் போகவில்லை.

வந்த கப்பல்களே ஆளைத் திருப்பியும் கொண்டுபோயின. 1930இல் ரப்பர் விலை விழுந்ததும் தோட்டங்கள் ஆளைக் கழித்தன. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பினார்கள். 1938இல் இந்திய அரசு கூலிகளை அனுப்புவதையே தடை செய்தது. போருக்குப் பிறகு பாட்டியின் குடும்பம் போலச் சொந்தக் காசில் வந்தவர்கள் உண்டு. 1953இல் குடிநுழைவுச் சட்டம் இறுகியதும் அதுவும் சுருங்கியது. ரஜுலாவுக்குப் பிறகு இதே வழியில் ஓடிய சிதம்பரம் கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அதோடு இந்தக் கப்பல் வழி முடிந்தது.

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு விமானம் நான்கு மணி நேரம். ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் இறங்கிவிடலாம். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் வழியாக நாகப்பட்டினத்துக்கு ரயிலில் போனேன். இந்தப் பாதை 1860களின் தொடக்கத்தில் போட்டது. காவிரிக் கரையின் வயல் கூலிகளைத் துறைமுகத்தில் கொண்டுவந்து சேர்த்ததும் இதே பாதைதான். சன்னலுக்கு வெளியே நாற்றங்கால், வாய்க்கால், கொக்கு. இவ்வளவு பசுமையை விட்டு ஏன் போனார்கள் என்று முதலில் தோன்றியது. அந்தப் பசுமையில் ஒரு குழிகூடத் தாத்தாவின் பேரில் இருந்ததில்லை என்பது அடுத்துத்தான் நினைவுக்கு வந்தது.

நாகப்பட்டினத்துக் கடல் கரையோரம் ஆழமில்லாதது. பெரிய கப்பல் நெருங்க முடியாமல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், ஆளையும் மூட்டையையும் படகில் கொண்டுபோய்த்தான் ஏற்றுவார்கள். கடற்கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் ரஜுலா என்று சொன்னேன். வேலையை நிறுத்தாமலே கையை நீட்டிக் காட்டினார். “அதோ, அந்த வெளிறிப்போன தண்ணிக்கு அங்கிட்டு நிக்கும். எங்கப்பாரு படகு தள்ளுனவரு. ஏத்தி விடும்போது பொம்பளைங்க கரையில மண்ண அள்ளி வாயில போட்டுக்குங்க, திரும்பி வரணும்னு.” பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். “நீங்க மலேயாவா?”

ஆமாம் என்றேன். “வந்துட்டீங்கல்ல,” என்றார்.

2023 அக்டோபரில் இந்தத் துறைமுகத்திலிருந்து மறுபடி பயணிகள் கப்பல் தொடங்கியிருக்கிறார்கள். இலங்கையின் காங்கேசன்துறைக்கு, சில மணி நேரப் பயணம். பினாங்குக்குக் கப்பல் இல்லை.

அன்றிரவு விடுதியில் கலிபோர்னியாப் புத்தகத்தை முடித்தேன். அதில் சென்ட்ரல் அமெரிக்கா என்ற கப்பலின் கதை கடைசியாக வருகிறது. கலிபோர்னியாத் தங்கத்தை நியூயார்க்குக்கு ஏற்றிவந்த கப்பல். 1857 செப்டம்பரில் புயலில் சிக்கி 400க்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கியது. 1988இல் அதைக் கடலடியில் கண்டுபிடித்துத் தங்கத்தை மேலே எடுத்தார்கள். ஒவ்வொரு நாணயத்துக்கும் எண் போட்டு, படம் எடுத்து, பட்டியல் அச்சிட்டிருக்கிறார்கள். தங்க வேட்டைக்கு வந்து இறங்கியவர்கள் பெயரையும் அந்தக் காலத்துச் சான் பிரான்சிஸ்கோப் பத்திரிகைகள் அச்சிட்டு வைத்திருக்கின்றன. மலாயாவுக்குள் வந்த இந்தியர்கள் 40 லட்சத்துக்கும் மேல் என்று வரலாற்றாசிரியர் கெர்னியல் சிங் சந்து கணக்கிட்டார், அதில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் திரும்பிப் போனார்கள். ஆண்டறிக்கைகளில் அவர்கள் ஆண் இத்தனை, பெண் இத்தனை, குழந்தை இத்தனை என்று எண்களாக இருக்கிறார்கள். பெயர் நம் வீட்டுப் பெட்டிகளில்தான் இருக்கிறது.

பாயா ரும்புட்டுக்குத் திரும்பியதும் பாட்டியிடம் நாகப்பட்டினத்து மணலை ஒரு காகிதப் பொட்டலத்தில் கொடுத்தேன். பிரித்துப் பார்த்துவிட்டு, பெட்டியைத் திறந்து உள்ளே வைத்தார். அப்போதுதான் பெட்டியின் அடியில் மடித்திருந்த அம்மை குத்திய சான்றிதழைப் பார்த்தேன். தந்தை பெயர், ஊர், தேதி, மங்கிப்போன ஒரு ஊதா முத்திரை. இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துக்கொண்டேன்.

இதைப் படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் மூத்தவர் யாராவது இருந்தால் இந்த வாரமே போய் உட்காருங்கள். எந்தக் கப்பல், எந்த மாதம், எந்தத் துறையில் ஏறினீர்கள், கூட யார் வந்தார்கள் என்று கேளுங்கள். சொல்வதைத் தேதி போட்டு எழுதுங்கள். பழைய பெர்மிட், பாஸ்போர்ட், சான்றிதழ் எதுவாக இருந்தாலும் படம் எடுத்து வையுங்கள். பெட்டியைப் பழைய இரும்புக்காரருக்குப் போடாதீர்கள்.